சைக்கிளில் போகிறவர் படிக்கும்படியாக

இத்தாலியில் எங்கள் ஊரான காசால்பியோப்பாவில் ஒருவர் செத்துவிட்டார் என்பதற்கு மருத்துவர் சொல் போதாது. பாதிரியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்தாலும் போதாது. மருந்துக்கடை வளைவில் இருக்கிற பலகையில் சுவரொட்டி ஏற வேண்டும். அது ஏறாதவரை அந்த மனிதர் உடம்புக்கு முடியாமல் வீட்டில் படுத்திருக்கிறார் என்றே ஊர் எடுத்துக்கொள்ளும். ஏறிவிட்டால் அப்புறம் அவரே நேரில் வந்து மறுத்தாலும் எடுபடாது. இதற்கு உதாரணம் உண்டு, பின்னால் வருகிறது.

அந்தச் சுவரொட்டியில் ஒரே ஒரு அச்செழுத்து வகைக்குத்தான் அனுமதி. பொதோனி என்று பெயர். இங்கிருந்து சைக்கிளில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில், பார்மா நகரத்துப் பிரபுவின் அச்சகத்தில் இருநூறு வருஷங்களுக்கு முன்னால் பிறந்த குலம். இன்றுவரை அதற்கு ஒரு பிடி சதை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. ஒவ்வொரு எழுத்திலும் ஒரு கோடு கதவு நிலை மாதிரிப் பருத்திருக்கும். அடுத்த கோடு தலைமுடி மாதிரி மெலிந்திருக்கும். நடுத்தரம் என்பது கிடையாது. விருந்து சாப்பிட்டவனும் விரதம் இருப்பவனும் தோளோடு தோள் நிற்பது போல. காலடியில் நூல் பிடித்தாற்போல ஒரு பாதம். இந்த எழுத்தில் அச்சடித்தால் கத்தரிக்காய் விலைகூடக் கவுரவமாக இருக்கும். ஆனால் கத்தரிக்காய்க்கு யாரும் அதைக் கொடுப்பதில்லை. கல்யாணப் பத்திரிகை, நோட்டரியின் பித்தளைப் பலகை, திராட்சை மது புட்டி, ஓபரா அறிவிப்பு, வாசனைத் தைலப் பெட்டி, மிலான் நகரத்து உடையலங்காரப் பத்திரிகை, அப்புறம் பிணம். இவ்வளவுக்குத்தான்.

எங்கள் ஊரில் இந்தக் குலத்தின் காவல் அதிகாரி எர்மெஸ் தல்லத்தானா. பாலாடைக்கட்டித் தொழிலாளியின் மகன். பத்தொன்பது வயதில் கவாதோர்த்தா அச்சகத்தில் எழுத்துக் கோக்க உட்கார்ந்தார். நாற்பத்திரண்டு வருஷத்தில் நாற்காலி மூன்று முறை மாறியது, கம்ப்யூட்டர் ஏழு முறை மாறியது, எர்மெஸ் மாறவில்லை. உயரமானவர், மெலிந்தவர், ஆனால் மீசை மட்டும் பருத்தது. அவரையே யாரோ அந்த எழுத்தில் கோத்து நிறுத்தியதுபோல் இருப்பார் என்பது ஊர்ப் பேச்சு. அவர் காதுக்கும் அது எட்டியது. அவர் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டார்.

சாவு வீட்டார் அச்சகத்துக்கு வந்தால் அவர் முதலில் மறுக்கிறவற்றைச் சொல்லிவிடுவார். தேவதை கிடையாது. கூப்பிய கை கிடையாது. சூரியன் மறையக் கூடாது. புகைப்படம் வேண்டாம். ஒருமுறை ஒரு விதவை, தன் கணவன் போ என்கிற ஆற்றில் பிடித்த ஆள் உயரக் கெளுத்தியோடு நிற்கும் படத்தைக் கொண்டுவந்து, இதைத்தான் போட வேண்டும், அவர் வாழ்க்கையில் சிரித்த ஒரே படம் இது என்று கேட்டாள். எர்மெஸ் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீன் நல்லாத்தான் இருக்கு. ஆனா செத்தது மீன் இல்லையே" என்றார்.

கடைசியில் அந்த மனிதரின் பெயர் பெரிதாக நடுவில், மேலே ஒரு சின்ன வரி, கீழே உறவினரும் அடக்க நேரமும் சின்ன வரிகளாக, சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு, மீதி முழுக்க வெள்ளை. வெள்ளைக்குக் காசு கேட்பதில்லை, தாராளமாக விடுங்கள் என்பது அவர் கொள்கை. விதவை பலகை முன் நின்று பார்த்துவிட்டு, உயிரோடு இருந்தபோது அவர் இவ்வளவு பெரிய மனுஷன் என்று தெரியாமல் போச்சே என்று அழுதாள். எழுத்தின் வேலையே அதுதான்.

இந்த வேலைக்கு எதிராக ஊரில் இருந்த ஒரே ஆள் எர்மெஸின் மனைவி நீவெஸ்.

நீவெஸ் தக்காளித் தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டும் வரிசையைக் கண்காணிப்பவள். நிமிஷத்துக்கு நூறு டப்பா கண் முன்னால் ஓடும். கோணல் லேபிளை ஓட்டத்திலேயே பிடித்துவிடுவாள். எதையும் நின்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. எங்கள் ஊரில் யாருக்குமே இல்லை. தட்டையான பூமி, எல்லாருக்கும் சைக்கிள். பலகையை ஓட்டியபடியே படித்து, யார் என்று தெரிந்துகொண்டு, சிலுவை போட ஒரு கையை எடுத்து, திரும்ப ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு போவோம். போக முடிந்தால்தானே? பொதோனி அதற்கு விடாது. தூரத்திலிருந்து பார்த்தால் மெலிந்த கோடுகள் காற்றில் கரைந்துவிடும். பருத்த கோடுகள் மட்டும் நிற்கும். பெயர் வேண்டுமானால் இறங்கு, கிட்டே வா, கண்ணாடியைப் போடு. எர்மெஸ் இதைக் குறையாகக் கருதவில்லை. சாவுக்குக்கூட இறங்காதவன் வேறு எதற்கு இறங்குவான் என்று கேட்பார். தொப்பியைக் கழற்றச் சொல்ல எழுத்துக்கு வாய் கிடையாது, அதனால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்கிறது.

"கூடையில சூடா ரொட்டி இருக்கும், பின்னாடி லாரி வரும், நான் உன் முடிக்கோட்டுக்கு இறங்கி மரியாதை பண்ணணுமா?" என்பாள் நீவெஸ்.

தீத்தோ விவகாரம் நடந்தது இப்படி இறங்காததால்தான். எலியோ என்றொரு தச்சர் இறந்தார். அவர் பெயரில் ஈ, எல், ஐ, ஓ என்று நான்கு எழுத்து. தூரத்தில் பார்த்தால் மூன்று கம்பமும் ஒரு வட்டமும். அந்த வாரம் ஊரில் உண்மையாகவே சீக்காகக் கிடந்தவர் தீத்தோ என்கிற பழைய தபால்காரர். டி, ஐ, டி, ஓ. அதுவும் மூன்று கம்பமும் ஒரு வட்டமும். நீவெஸ் வளைவில் பார்த்தாள், கணக்குச் சரியாக இருந்தது, வீட்டுக்குப் போய் அனொலினி என்கிற பூரணம் வைத்த சின்ன மாவுக் கொழுக்கட்டைகளைப் பிடித்து, மாட்டெலும்புச் சாற்றில் போட்டு, பானையைத் துணியால் கட்டி, கறுப்புச் சால்வை போர்த்தித் தீத்தோ வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவர் தீத்தோ. நீவெஸ் ஏற்கனவே அழ ஆரம்பித்திருந்ததால் நிறுத்தச் சிறிது நேரமாயிற்று. விஷயம் புரிந்த தீத்தோ பானையை வாங்கிக்கொண்டார். செத்ததற்காக வந்த சாப்பாட்டைத் திருப்பிக் கொடுப்பது நல்லதல்ல என்று சொல்லி, அவள் முன்னாலேயே உட்கார்ந்து ஒரு தட்டு முடித்தார். அதோடு காய்ச்சலும் போயிற்று. அடுத்த பதினோரு வருஷமாக, நீவெஸைத் தெருவில் கண்டால், செத்தவன் கும்பிடுகிறேன் என்று தொப்பியைத் தூக்குவார். ஊரில் சில பேர் அன்று ஒருமுறை துக்கம் விசாரித்தாகிவிட்டது என்று இன்னும் அவரைப் பாதி செத்தவராகத்தான் நடத்துகிறார்கள்.

எர்மெஸிடம் இதைச் சொன்னபோது, எழுத்து தன் கடமையைச் செய்தது, நீ இறங்கியிருக்க வேண்டும் என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன் நீவெஸின் அக்கா திர்ச்சேயின் கணவர் இறந்தார். திர்ச்சே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை; மரியாதை விஷயத்தில் அவளுக்கு எர்மெஸ்கூட மட்டுதான். அந்தச் சுவரொட்டி எர்மெஸின் கைவண்ணத்தில் உச்சம் என்பார்கள். வெள்ளை அவ்வளவு இருந்தது. அதை அவர் திரையில் கோத்துக்கொண்டிருந்தபோது மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்த நீவெஸ் பின்னால் நின்று பார்த்தாள்.

"எனக்கு இது வேண்டாம், எர்மெஸ். என் பேரைச் சைக்கிள்ல போறவங்க முப்பது அடி தூரத்துலயே படிக்கிற மாதிரி போடு. யாரையும் இறக்கி விடாத. ஓட்டிக்கிட்டே படிக்கட்டும், ஓட்டிக்கிட்டே போகட்டும்."

எர்மெஸ் இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு மயிரிழை இடம் குறைத்துக்கொண்டே, சரி என்றார்.

கணவன் திரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிற 'சரி'க்கு என்ன மதிப்பு என்பது எந்த ஊர்ச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. இந்தக் கதையின் சிக்கல் அதுதான்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, தக்காளி மும்முரத்தில், வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே நீவெஸ் நாற்காலியில் சாய்ந்தாள். இதயம். அறுபது வயது. எத்தனை டப்பா கோணலாகப் போனது என்பதை வைத்துத்தான் பக்கத்து வரிசைக்காரிக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்ததாம். அச்சகத்துக்குத் தொலைபேசி வந்தது. எர்மெஸ் அப்போது வேறு ஒருவருடைய சுவரொட்டியை முடிக்கும் நிலையில் இருந்தார். கேட்டார், நன்றி சொன்னார், வைத்தார். அந்தச் சுவரொட்டியின் கடைசி வரியை நேராக்கினார். அச்சுக்கு அனுப்பினார். வந்ததை எடுத்துப் பார்த்து, சுருட்டி ரப்பர் போட்டார். பிறகு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இதை ஊர் மன்னிக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டது. அவருக்கு மன்னிப்புத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. எதுவும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. யார் கை கொடுத்தாலும் கொடுத்தார், யார் கட்டிப்பிடித்தாலும் பிடித்து முடிக்கும் வரை நின்றார். மருந்து போட்டுப் பல் பிடுங்கிய கன்னம் மாதிரி இருந்தது அவர் முகம்.

அடக்கம் வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்று முடிவாயிற்று. புதன்கிழமை மாலைக்குள் சுவரொட்டி ஏற வேண்டும். இல்லாவிட்டால் நீவெஸ் ஊரைப் பொறுத்தவரை வேலைக்கு விடுப்பு எடுத்தவள்.

சவப்பெட்டி, கார், பூ, பசை எல்லாவற்றுக்கும் பொறுப்பு லெயார்க்கோ. குள்ளமான ஆள், எப்போதும் வியர்ப்பவர், எர்மெஸோடு ஒரே வகுப்பில் படித்தவர். செவ்வாய்க்கிழமை காலை அவர் அச்சகத்துக்குப் போனபோது மேசை மேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று பொதோனி. எந்த அரசிக்கும் ஒட்டலாம். இன்னொன்றில் நடுவில் பெயர் பருத்த மொட்டை எழுத்தில், காலும் இல்லாமல் முடியும் இல்லாமல், எல்லாக் கோடும் ஒரே தடிமனில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நின்றது. நவம்பர் மாதப் பன்றி விழாவுக்கு வருஷா வருஷம் எர்மெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோக்கிற எழுத்து அது.

லெயார்க்கோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா ஒட்டுறேன். பன்றி விழா எழுத்துல ஒரு கிறிஸ்தவ ஆத்மாவ நான் ஒட்டினதில்ல."

"அவ கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"எப்படிச் சொன்ன? திரும்பிப் பார்த்துச் சொன்னியா, பார்க்காம சொன்னியா?"

எர்மெஸ் யோசித்துப் பார்த்து, பார்க்காமல்தான் என்றார். பொய் சொல்லத் தெம்பு வேண்டும்.

லெயார்க்கோவுக்கு அது போதுமான ஆதாரமாக இருந்தது. அவர் நேரே திர்ச்சேயிடம் போய்ச் சொன்னார். திர்ச்சே கறுப்பு உடையில், கழுத்தில் முத்தோடு, செவ்வாய் பிற்பகல் அச்சகத்துக்கு வந்தாள். ஒரு மணி நேரம் பேசினாள். அதன் சாரம்: தன் கணவருக்கு அரசமரியாதை நடந்த ஊரில், தன் ஒரே தங்கையைப் பன்றிக்கால் வறுவலுக்கும் தள்ளுபடிச் செருப்புக்கும் போடுகிற எழுத்தில் ஏற்றினால், எர்மெஸ் மனைவிக்கு மட்டும் எழுத்தில் மிச்சம் பிடித்துவிட்டார் என்றுதான் ஊர் பேசும், ஊர் பேசுகிறபோது நீவெஸ் வந்து விளக்கம் சொல்லப் போவதில்லை, உயிரோடு இருக்கிற தான்தான் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். வாக்கு என்பது கண்ணைப் பார்த்துக் கொடுப்பது. இது வாக்கு அல்ல, கொட்டாவி.

எர்மெஸ் எல்லாவற்றையும் கேட்டார். எதையும் மறுக்கவில்லை. நாற்பத்திரண்டு வருஷமாக அவரே சொல்லி வந்ததைத்தான் அவள் திரும்பச் சொன்னாள். பொதோனித் தாளை ஒட்டலாமா என்று அவள் கேட்டபோது சரி என்று தலையை ஆட்டினார். அவள் போன பிறகு மொட்டை எழுத்துத் தாளைக் குப்பையில் போடவும் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு லெயார்க்கோ பசை வாளியோடு வந்தார். கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கிச் சாப்பிடப் போய்விட்டிருந்தன. எர்மெஸ் இரண்டு தாளையும் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பக்கத்தில் நீவெஸின் சைக்கிள், முன்னால் கூடையோடு. மேற்பார்வைக்காகத் திர்ச்சேயும் வந்திருந்தாள்.

"ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கணும்" என்றார் எர்மெஸ். இரண்டு நாளில் அவர் பேசிய நீளமான வாக்கியம் இது. அதனால் யாரும் தடுக்கவில்லை.

மருந்துக்கடை வளைவில் லெயார்க்கோ பொதோனித் தாளை விரித்து, இரண்டு மேல் மூலையையும் பிடித்து, தன் நெஞ்சுக்கு முன்னால் திரையாகத் தூக்கிக்கொண்டு பலகை அடியில் நின்றார். தாளுக்கு மேலே அவர் நெற்றி மட்டும் தெரிந்தது, வியர்வையோடு. எர்மெஸ் தெருக்கோடி வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். நீவெஸ் கண்ணாடி போட்டு ஓட்டியதில்லை. பெண்கள் சைக்கிள், முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. நீவெஸ் போகிற வேகத்தில் போனார். வளைவைக் கடந்து, திரும்பி வந்து, காலை ஊன்றினார்.

"அஞ்சு குச்சி" என்றார். "மூணு சாஞ்சிருக்கு. ரெண்டு நிக்குது."

உண்மை. என், ஐ, வி, ஈ, எஸ். என் எழுத்தில் இரண்டு பக்கக் காலும் மயிரிழை, நடுவில் சாய்ந்த கோடுதான் பருத்தது. ஐ ஒரு கம்பம். வி எழுத்தில் இடது பக்கம் பருத்தது, வலது பக்கம் காற்று. ஈ எழுத்தின் மூன்று கையும் கரைந்துவிடும், கம்பம் நிற்கும். எஸ் எழுத்தின் முதுகு மட்டும் சாய்ந்து தெரியும். சாய்ந்தது, நின்றது, சாய்ந்தது, நின்றது, சாய்ந்தது. மழைக்குப் பிறகு தோட்டத்து வேலி. இது நாற்பத்திரண்டு வருஷமாக எர்மெஸுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததைப் பெருமையாக வைத்திருந்தார், அவ்வளவுதான்.

திர்ச்சேக்கு இது சதி என்று பட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண் தெரியவில்லை என்பது ஒரு சோதனையா என்று கேட்டாள். சைக்கிளை இங்கே கொடு என்றாள். அறுபத்தாறு வயது, முத்துமாலை, கறுப்பு உடை. ஏறினாள். தெருக்கோடியிலிருந்து பள்ளிக்கூட மணி அடித்ததுபோல் நேராக வந்தாள், தாளைப் பார்த்தாள், தாண்டினாள், பிரேக் பிடித்து இறங்கினாள்.

"பளிச்சுனு இருக்கு. நீவெஸ். அஞ்செழுத்தும் தெளிவா இருக்கு. இதைவிட நல்லா எப்படிப் போட முடியும்? மேலே 'அமைதியாகப் பிரிந்தார்' கூடத் தெரியுது."

லெயார்க்கோ இத்தனை நேரமும் தாளின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டைக் கேட்டதும் தானும் பார்க்க ஆசைப்பட்டுத் தாளைக் கீழே இறக்கி எட்டிப் பார்த்தார். வியர்வை ஒரு சொட்டு தாளின் கறுப்புக் கோட்டின் மேல் விழுந்தது.

"சிஞோரா திர்ச்சே, கோவிச்சுக்காதீங்க. நான் தலைகீழாப் பிடிச்சிட்டேன்."

பார்த்தார்கள். தலைகீழாகத்தான் இருந்தது. அடக்க நேரம் மேலே, அமைதியாகப் பிரிந்தது கீழே. ஐந்து குச்சி மட்டும் அப்படியே இருந்தது. சாய்ந்ததைத் தலைகீழாக்கினாலும் அதே பக்கம்தான் சாயும். நின்றதைத் தலைகீழாக்கினாலும் நிற்கும். உலகத்தின் மிக மரியாதையான எழுத்தில் கோத்த ஒரு பெயரைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்ததை, அதைக் கோத்தவரும் கவனிக்கவில்லை, பெயருக்குரியவளின் அக்காவும் கவனிக்கவில்லை.

திர்ச்சே சைக்கிளை மெதுவாகச் சுவரில் சாய்த்தாள். நாற்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்தவள், தன்னுடையதை இவ்வளவு சீக்கிரத்தில் எதிர்பார்க்கவில்லை. முத்துமாலையை ஒருமுறை சரி செய்துகொண்டாள்.

"இன்னொன்னைக் காட்டு" என்றாள்.

லெயார்க்கோ மொட்டை எழுத்துத் தாளை விரித்தார். இந்த முறை எந்தப் பக்கம் மேல் என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டார். யாரும் சைக்கிளில் ஏற வேண்டியிருக்கவில்லை. தெருக்கோடியில் நாயோடு போன ஒரு ஆள் நின்று, அங்கிருந்தே தொப்பியைக் கழற்றினார்.

திர்ச்சே ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பெயர் எப்படியோ போகட்டும். கீழே வருந்தும் சகோதரி திர்ச்சே என்று தன் பெயர் வருகிற வரி பழைய எழுத்திலேயே இருக்க வேண்டும். தன்னைப் பன்றி விழாவில் சேர்க்க முடியாது. எர்மெஸ் ஏற்கனவே அப்படித்தான் கோத்திருந்தார். பெயரைத் தவிர மற்றதெல்லாம் பொதோனியில், சின்னதாக, மயிரிழையில்.

ஒட்டினார்கள்.

புதன் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மருந்துக்கடை வளைவில் அன்று ஒரு சைக்கிளும் நிற்கவில்லை. வந்தவர்கள் வளைவுக்கு முன்பே நிமிர்ந்தார்கள், வாய் விட்டே "நீவெஸ்" என்றார்கள், சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். தொழிற்சாலை விட்டு வந்த பெண்கள் இருபது பேர் வரிசையாக ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனது வருகைப் பதிவு எடுத்ததுபோல் இருந்ததாம். பங்குத் தந்தை தோன் தர்ச்சீசியோ மட்டும், தூரத்தில் பார்த்தபோது பன்றி விழாவை முன்னால் தள்ளிவிட்டார்களோ என்று ஒரு கணம் மகிழ்ந்துவிட்டதாகப் பிறகு ஒப்புக்கொண்டு, அதற்காகத் தனக்குத் தானே தண்டனை ஜெபம் விதித்துக்கொண்டார்.

ஒரே ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. அடக்கம் எத்தனை மணிக்கு என்பது சின்ன எழுத்தில் இருந்தது. அதைப் படிக்க இறங்க வேண்டும். யாரும் இறங்கவில்லை. எங்கள் ஊரில் அடக்கம் காலை பத்துக்கு இருக்கும், இல்லாவிட்டால் பிற்பகல் மூன்றுக்கு. ஆக யார் செத்தது என்று காசால்பியோப்பா வரலாற்றில் முதல் தடவையாக ஒருவர் விடாமல் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது.

வியாழன் காலை பத்து மணிக்கு நூறு பேர் கோயில் வாசலில் கறுப்பு உடையில் நின்றார்கள். மணியடிக்கிறவர் வந்து மூன்று மணி என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வீட்டுக்குப் போய் உடை மாற்றி மறுபடி உடுத்துவதா என்று எதிரே இருந்த பாருக்குள் போனார்கள். மதுக்கடைக்காரர் பொரித்த மாவும் பன்றி இறைச்சியும் வைத்தார்; லம்புரூஸ்கோ மதுவைத் தானாகவே திறந்தார். மூன்று மணிக்கு மற்ற நூறு பேர் வந்தபோது முதல் நூறு பேர் உருக்கத்தில் நன்றாக ஊறியிருந்தார்கள். ஜெபத்துக்குப் பதில் சொன்ன சத்தத்தில் மெழுகுவர்த்தி ஆடியது. ஈஸ்டருக்குக்கூட இப்படிக் கேட்டதில்லை என்றார் தோன் தர்ச்சீசியோ. திர்ச்சே முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கூட்டத்தின் அளவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

எர்மெஸ் பக்கத்தில் இருந்தார். எழச் சொன்னபோது எழுந்தார். கல்லறையில் மண் போடச் சொன்னபோது போட்டார். கை உதறச் சொல்லவில்லை என்பதால் உதறாமலே நின்றார், லெயார்க்கோ கைக்குட்டை கொடுக்கும் வரை.

திரும்பும்போது காரில் ஏறவில்லை. கோயிலில் விட்டிருந்த நீவெஸின் சைக்கிளை எடுத்துக்கொண்டார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. வளைவு வந்தது. பெயர் வந்தது. படிக்காமல் இருக்க வழியில்லை. பழைய எழுத்தாக இருந்தால் ஐந்து குச்சி என்று தாண்டியிருக்கலாம். தாண்டியிருப்பார். வி எழுத்துக்கும் ஈ எழுத்துக்கும் நடுவே மயிரிழை இடம் கூடுதலாக இருந்தது, அவசரத்தில் விட்டது. இறங்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

ஆறு மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. தீத்தோ. எண்பது வயது, தொப்பி கையில், துணியால் கட்டிய பானை இடுப்பில். உள்ளே நுழைவதற்கு முன் வாசல் எண்ணை ஒரு தரம் பார்த்தார்.

"இந்தத் தடவை வீடு சரிதானே?"

எர்மெஸ் வழிவிட்டார். தீத்தோ பானையை மேசையில் வைத்து, முடிச்சை அவிழ்த்து, அலமாரியில் தானே தட்டு தேடி எடுத்து ஊற்றினார். ஆவி எழுந்தது. அனொலினி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு மிதந்தன. அவர் பிடித்தவை, ஒன்றுபோல் ஒன்று இல்லை.

"எங்கிருந்து படிச்சீங்க?" என்று கேட்டார் எர்மெஸ்.

"மருந்துக்கடை வளைவுக்கு முன்னாடி உரம் விக்கிறானே, அந்தக் கடை, அங்கிருந்தே. எனக்கு ஒரு கண்ணுல புரை வேற. ஓட்டிக்கிட்டேதான் படிச்சேன், இறங்கவே இல்ல. நேரா வீட்டுக்குப் போய் எலும்பை அடுப்புல ஏத்திட்டேன்."

எர்மெஸ் அந்தத் தூரத்தை மனதில் அளந்து பார்த்தார். உரக்கடையிலிருந்து பலகைக்கு அறுபது அடி இருக்கும். அதிகமாகவும் இருக்கலாம்.

"அறுபது அடி" என்றார்.

"இருக்கும்."

"அவ கேட்டது அதுல பாதிதான்."

தீத்தோ நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்து, கரண்டியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். எர்மெஸ் சாப்பிட்டார். முதல் வாயில் ருசி தெரியவில்லை, இரண்டாவதிலும் தெரியவில்லை. மூன்றாவதில், உப்பு கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்றார்.